நூற்றிருபது டிகிரி

பிப்ரவரி 1, வியாழன் (காப்பு: நாள் 17)

இது பல் டாக்டர் இன்பராஜ் இலவசமாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "இரவில் பல் துலக்கினீர்களா?" என்று அச்சடித்திருக்கிறது. ஜனவரி மாதப் பக்கங்களை என் மனைவி ருக்குமணி கோலம் போட்டுப் பார்த்தே தீர்த்துவிட்டாள். மிச்சத்தையாவது உருப்படியாகப் பயன்படுத்தலாம் என்று இன்று நான் உட்கார்ந்தேன்.

பின்னால் யாராவது படித்தால் தெரியட்டும். நான் நாச்சிமுத்து, ஊர் மேட்டுப்பாளையம். நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். அண்ணனும் தம்பியும் அரிவாளோடு நின்ற வரப்புகளையெல்லாம் அளந்து கல் நட்டிருக்கிறேன். திருப்பி அளக்கச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் நான் முறைத்த முறைப்பில் போய்விட்டார்கள்.

இப்போது குகை நண்பர்கள் சங்கத்தில் இருக்கிறேன். மொத்தம் எட்டுப் பேர். தலைவர் இந்த இன்பராஜ்தான். வாய்க்குள் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் மலைக்குள் பார்க்க ஆரம்பித்தவர். சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்: உள்ளே போனால் அளக்க வேண்டும், படம் வரைய வேண்டும், அளந்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். சும்மா நுழைந்துவிட்டு வருவது வௌவால் வேலை என்பார் டாக்டர். வரும் ஞாயிறு பந்தலூர் பக்கம் பெல்மூர் எஸ்டேட்டில் வெள்ளைக்காரன் காலத்துத் தங்கச் சுரங்கம் ஒன்றுக்குள் போகிறோம். எஸ்டேட் மேனேஜர் அனுமதி கொடுத்துவிட்டார். படத்தில் ஒரு பிரதி அவருக்கு வேண்டுமாம். அளப்பது யார் என்ற கேள்விக்கே இடமில்லை.

காப்பைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். என் மகனின் மாமியார் சிவகாமசுந்தரி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, இப்போது காந்தக் காப்பு விற்கிறார். மாட்டுப் பொங்கலன்று வந்து என் வலது மணிக்கட்டில் ஒன்றை மாட்டிவிட்டார். மணிக்கட்டு வலி தீர ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாதாம். கழற்றினால் மறுபடியும் முதல் நாளிலிருந்து ஆரம்பம். மருமகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு இருபத்தொன்றாம் தேதி. அதுவரை சம்பந்தியம்மா மனம் கோணும்படி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று ருக்குமணி உத்தரவு போட்டிருக்கிறாள். அதனால் மாட்டிக்கொண்டு திரிகிறேன். வலி போய்விட்டது என்னவோ உண்மைதான். செல்போனில் கேரம் விளையாடுவதை நிறுத்தியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சம்பந்தியம்மாவும் சங்கத்தில் சேர்ந்துவிட்டார் என்பதையும் எழுதித் தொலைக்கிறேன்.

பிப்ரவரி 2, வெள்ளி (காப்பு: நாள் 18)

காலையில் உப்புமா சாப்பிடும்போது ஸ்பூன் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. உதறினாலும் விழவில்லை. காப்பில் சக்தி இருக்கத்தான் செய்கிறது.

டாக்டர் காம்பஸைக் கொடுத்தனுப்பியிருந்தார். கண்ணருகே பிடித்து ஒரு துளை வழியாகப் பார்த்தால் எதிரே இருப்பது எந்தத் திசை என்று டிகிரியில் தெரியும். வேலையில் இருந்த காலத்தில் எனக்கு அளவுச் செயின்தான். காம்பஸை நான் தொட்டதில்லை. அளவு தெரிந்தவனுக்கு எந்தக் கருவியும் ஒன்றுதான்.

பழகிப் பார்க்க வாசலில் நின்று பார்த்தேன். 120. கிழக்கு என்றால் 90 வர வேண்டும். இருபத்தாறு வருஷமாகத் தென்கிழக்கு பார்த்த வீட்டில் குடியிருந்திருக்கிறோம். அந்த வாஸ்துக்காரன் நன்றாக ஏமாற்றியிருக்கிறான். திரும்பி நின்று புழக்கடையைப் பார்த்தேன். அதுவும் 120. பிள்ளையார் கோயில் 120. முன் வாசலும் பின் வாசலும் எப்படி ஒரே திசையில் இருக்கும் என்று ருக்குமணி கேட்டாள். அளவை விஷயத்தில் நான் வீட்டில் தர்க்கம் செய்வதில்லை. கறிவேப்பிலை வாங்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு (காப்பு: நாள் 20)

விடியற்காலை வேனில் கிளம்பினோம். பேக்கரி வைத்திருக்கும் கனி பாய் இரண்டு பெட்டி முட்டை பப்ஸ் கொண்டுவந்தார். கூடலூர் தாண்டுவதற்குள் ஒரு பெட்டி காலி. சம்பந்தியம்மா டிராக் பேண்டும் கொண்டைக்கு மேல் ஹெல்மெட்டுமாக வந்திருந்தார். ஹெல்மெட் தலையில் உட்காரவில்லை. கொண்டையில் உட்கார்ந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வளைகாப்பு வரை நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

எஸ்டேட் ரோட்டில் மரகதம் என்ற அம்மாளின் டீக்கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு மண்ணடுப்பு. அவருடைய அப்பா சிலோனிலிருந்து திரும்பி வந்து இந்த எஸ்டேட்டில் கொழுந்து எடை போட்டவராம். வடை பிரமாதம். நான் நான்கு சாப்பிட்டேன். ஐந்து என்று சம்பந்தியம்மா சொல்வதை நம்ப வேண்டாம்.

குகைக்குள் போகிறவர்கள் வெளியே ஒருவரைக் காவல் வைத்துவிட்டுப் போவது வழக்கம். சொன்ன நேரத்துக்குள் நாங்கள் வராவிட்டால் அவர் ஆளைக் கூப்பிட வேண்டும். எல்லோரும் வெளியே வந்து, வீடு போய்ச் சேர்ந்து, "சேர்ந்துவிட்டோம்" என்று போன் செய்த பிறகுதான் அவருடைய காவல் முடியும். மரகதமே காவலாக இருக்கட்டும் என்றார் டாக்டர். நான் ஒரு தாளில் "மூன்று மணி" என்று எழுதி, தீயணைப்பு நம்பரையும் என் நம்பரையும் போட்டுக் கொடுத்தேன். வீடு சேர்ந்ததும் போன் செய்வது என் பொறுப்பு. மரகதம் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அடுப்புக்கு மேலே சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார்.

கடைக்குக் கீழே சரிவில், ஓடையோரமாகச் சுரங்க வாய். குனிந்து போனால் உள்ளே நிமிரலாம். கணுக்கால் அளவு தண்ணீர். அளவை இப்படி: கனி பாய் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு பத்து மீட்டர் முன்னால் போய் நிற்பார். அவர் தலை விளக்கைக் காம்பஸில் பார்த்து நான் டிகிரி சொல்வேன். சம்பந்தியம்மா அதை உரக்கத் திருப்பிச் சொல்லி நோட்டில் எழுதுவார். காது தவறாக வாங்காமல் இருக்க இந்த ஏற்பாடு. சம்பந்தியம்மாவுக்கு உரக்கச் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நான் நூற்றிருபது என்றேன். நூற்றிருபது என்றார். அடுத்த பத்து மீட்டருக்கும் நூற்றிருபது. அதற்கடுத்தது நூற்றுப் பத்தொன்பது. பிறகு மறுபடி நூற்றிருபது. பதினான்கு தடவையும் அப்படியே. வெள்ளைக்காரன் வேலை என்றால் வேலை. மலைக்குள்ளே நூல் பிடித்தது மாதிரி வெட்டியிருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

எட்டாவது அளவில் சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்துத்தான் சொல்றீங்களா சம்பந்தி?" என்றார். நான் அடுத்த அளவுக்கு நகர்ந்தேன்.

கனி பாய்க்கு இடது தோள் மட்டும் சுவரில் உரசிக்கொண்டே வந்து சட்டை கிழிந்துவிட்டது. சுரங்கம் வலது பக்கமாக வளைந்துகொண்டே போவது போல இருக்கிறது என்றார். அவர் உடம்புக்கு எந்தச் சுரங்கமும் அப்படித்தான் இருக்கும். இருட்டில் மனித புத்தி தடுமாறும், கருவி தடுமாறாது என்று விளக்கிச் சொன்னேன். திரும்பும்போது எதிர்ப் பக்கமிருந்தும் ஒரு தடவை பார்த்துச் சரிபார்ப்பது முறை, பார்த்துவிடலாமா என்று டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். முப்பத்தோரு வருஷத்தில் நான் திருப்பி அளந்ததில்லை என்று சொன்னேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வௌவால் ஒன்று வந்தபோது நான் தண்ணீரில் உட்கார்ந்தது கல்லின் தன்மையைப் பார்ப்பதற்காக.

வரும் வழியில் ஒரு இடுக்கில் கனி பாய் மாட்டிக்கொண்டார். பார்த்தால் சட்டைக்குள் மிச்சப் பப்ஸ் பெட்டி. சம்பந்தியம்மா பள்ளிக்கூடக் குரலில் மூச்சை விடச் சொல்லி அதட்டினார். அவர் பயந்துபோய் விட்ட மூச்சில் தானாக வெளியே வந்தார். பப்ஸ் மட்டும் சப்பையாகிவிட்டது. சப்பையாகவே சாப்பிட்டோம். இதில் நேரம் போய்விட்டது.

வெளியே வந்தபோது மணி மூன்று இருபது. சுரங்க வாயில் மரகதம் நின்றிருந்தார். ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் எண்ணெய் சொட்டும் ஜல்லிக் கரண்டி. பின்னால் கொழுந்துக் கூடையோடு பதினோரு பெண்கள். மூன்று மணி ஒரு நிமிஷத்துக்கே அடுப்பை அணைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டாராம்.

"மூணு மணின்னு எழுதிக் குடுத்தீங்கல்ல சார்," என்றார். "இருபத்திரண்டு வருஷத்துல பகல்ல கடைய சாத்துனது இன்னிக்குத்தான்."

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் பெருமையாகவும் இருந்தது.

எட்டு மணிக்கு வீடு வந்து, வெந்நீரில் குளித்து, தோசை சாப்பிட்டேன். ஏதோ தெரியாத நம்பரிலிருந்து ஆறு தடவை போன் வந்திருக்கிறது. லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும். போனை அணைத்துவிட்டேன். பல் துலக்கினேன்.

பிப்ரவரி 5, திங்கள் (காப்பு: நாள் 21)

கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. படுத்தே கிடந்தேன். மேலே நூலாம்படை இருப்பதை இன்றுதான் கவனித்ததாகச் சொன்னேன். அப்படியே எழுந்து அடித்துவிடச் சொன்னாள் ருக்குமணி.

பிப்ரவரி 7, புதன் (காப்பு: நாள் 23)

படம் வரைந்து முடித்தேன். நூற்று நாற்பது மீட்டர், ஸ்கேல் வைத்து இழுத்த ஒரே கோடு. என் ஆயுளில் இவ்வளவு அழகான படம் நான் வரைந்ததில்லை. எஸ்டேட் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் சுரங்கத்தின் முடிவு நேராக மரகதத்தின் டீக்கடைக்கு அடியில் போய் நிற்கிறது. கடையைச் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் காட்டினேன். பார்க்கிறவர்களுக்குச் சுவாரஸ்யமாக இருக்கும். கையெழுத்துப் போட்டு டாக்டருக்கும் மேனேஜருக்கும் அனுப்பினேன். சங்க வாட்ஸப்பில் ஐந்து பேர் கை தட்டினார்கள். சம்பந்தியம்மா கட்டை விரல் மட்டும் காட்டினார்.

பிப்ரவரி 10, சனி (காப்பு: நாள் 26)

அதே தெரியாத நம்பர். எடுத்தேன். மரகதம்.

"சார், வீடு போய்ச் சேந்துட்டீங்களா?"

போய் ஆறு நாள் ஆகிறது. அன்றைக்கு அடித்த ஆறு போனும் அவர்தானாம். நான் சொல்ல மறந்துவிட்டேன். வேன்காரரின் நம்பரை எங்கேயோ தேடிப் பிடித்து, மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்து நிம்மதியானாராம். இருந்தாலும் என் வாயால் கேட்க வேண்டுமாம்.

அப்புறம் சொன்னார். மேனேஜர் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். கடைக்கு அடியில் சுரங்கம் இருப்பதாகச் சங்கத்தின் படம் சொல்கிறது, எப்போது வேண்டுமானாலும் உள்வாங்கும், இந்த மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று. வேறு இடம் கொடுப்பதாக அதில் இல்லை. மரகதம் என்னிடம் கேட்டது ஒன்றுதான். பள்ளம் அடுப்புக்கு அடியிலா, பெஞ்சுக்கு அடியிலா? அடுப்புக்கு அடியில் என்றால் அடுப்பை நகர்த்திக்கொள்ளலாமாம். நான் படத்தை எடுத்துப் பார்த்து, அடுப்பிலிருந்து சரியாக இரண்டடி கிழக்கே என்று சொன்னேன். அவ்வளவு துல்லியமாகச் சொன்னதற்கு நன்றி சொல்லி வைத்தார்.

பாவம்தான். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வதுதானே அளவை.

பிப்ரவரி 12, திங்கள் (காப்பு: நாள் 28)

மரகதம் போன் செய்தார். அடுப்பை உடைத்து மேற்கே இரண்டடி தள்ளிக் கட்டிவிட்டாராம். இது போதுமா என்று மேனேஜரைக் கேட்டதற்கு அவர் சிரித்தாராம். நான் பாதி இட்லியோடு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 14, புதன் (காப்பு: நாள் 30)

வளைகாப்புச் சேலைக்கு ருக்குமணி பால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். குண்டூசி டப்பா கவிழ்ந்துவிட்டது. பொறுக்கித் தரச் சொன்னாள். நான் தரையில் கை வைத்தேன். நான் பொறுக்கவே இல்லை. எல்லா ஊசியும் தானாக வந்து மணிக்கட்டில் அப்பிக்கொண்டன. ருக்குமணி சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் டாக்டரின் காம்பஸ் மேஜைமேல் இருப்பது கண்ணில் பட்டது.

அதை எடுத்தேன்.

இன்று இதற்கு மேல் எழுதுவதற்கில்லை.

பிப்ரவரி 15, வியாழன் (காப்பு: நாள் 31)

மோட்டார் ரிப்பேர். பிளம்பர் வந்தான்.

பிப்ரவரி 16, வெள்ளி (காப்பு: நாள் 32)

சரி, எழுதுகிறேன். காம்பஸை இடது கையில், வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். 90. அசல் கிழக்கு. வாஸ்துக்காரர் தங்கமான மனுஷர். அப்படியே வலது கைக்கு மாற்றினேன். 120. சுற்றிச் சுற்றி நின்று பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் 120. முள் வடக்கைக் காட்டவில்லை, என் காப்பைக் காட்டுகிறது. நான் திரும்பினால் காப்பும் கூடவே திரும்புகிறது. தெரு முழுக்கப் பம்பரமாகச் சுற்றினேன். எதிர்வீட்டுக்காரர் தலை சுற்றலா என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்.

அந்தச் சுரங்கம் நேராகப் போகவில்லை. எங்கே போகிறதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

டாக்டருக்கு ஒரு செய்தி அனுப்பினேன், காம்பஸ் பழுதாக இருக்குமோ என்று சந்தேகம் என்று. ஆளனுப்பிக் காம்பஸை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் பதில் வந்தது. "சோதித்துவிட்டேன் சார், பிரமாதமாக இருக்கிறது. உங்கள் அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம்."

பிப்ரவரி 17, சனி (காப்பு: நாள் 33)

மரகதம் பேசினார். அவர் திட்டினால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருக்கும்.

"உங்க மேல எனக்கு வருத்தமில்ல சார். நீங்க அளந்தவரு, உள்ளத சொன்னீங்க. தரைக்கு அடியில இருக்கறதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

தரைக்கு அடியில் ஒன்றும் இல்லை, எல்லாம் என் கையில்தான் இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு (காப்பு: நாள் 34)

ருக்குமணியிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தாள். முன் வாசலும் பின் வாசலும் எப்படி ஒரே திசையில் இருக்கும் என்று தான் அன்றைக்கே கேட்டதை நினைவுபடுத்தினாள். இரண்டு தடவை நினைவுபடுத்தினாள். பிறகு விரலை நீட்டிச் சொன்னாள்.

"ஏனுங்க, வளைகாப்பு முடியட்டும். சம்பந்தியம்மா குடுத்த காப்பாலதான் இத்தனையும்னு நாலு பேரு முன்னால சொன்னீங்கன்னா, நம்ம பையன் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது பாத்துக்குங்க."

இருபத்தொன்று வரை வாய் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன். அதற்குள் கடைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

பிப்ரவரி 21, புதன் (காப்பு: நாள் 37)



மண்டபம் நிறையக் கூட்டம். மருமகள் இரண்டு கையிலும் வளையல் அடுக்கிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் குடும்பத்தோடு வந்திருந்தார். கனி பாய் இனிப்புத் தட்டுகளோடு வந்திருந்தார். சம்பந்தியம்மா பட்டுச் சேலையில் அங்குமிங்கும் பறந்துகொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு மேஜை போட்டுக் காந்தக் காப்புகளையும் பரப்பி வைத்திருந்தார். பந்தியில் எனக்குத் தேங்காய் சாதம் போட்ட நேரத்தில் போன் அடித்தது.

தகரத்தைக் கழற்ற ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்களாம். மேனேஜர் மாதக் கடைசி வரைகூடக் காத்திருக்கவில்லை. மரகதம் அழவில்லை, சாதாரணமாகத்தான் பேசினார்.

"பெஞ்சு ரெண்டும் சும்மாதான் சார் கெடக்கும். உங்க சங்கத்துக்கு வேணும்னா எடுத்துக்கறீங்களா? நீங்க உக்காந்து வடை சாப்பிட்ட பெஞ்சுதானே, யாருக்கோ போறதுக்கு."

இலையை மூடாமல் எழுந்துவிட்டேன். சாதக் கையோடு நேரே மணைக்கு முன்னால் போய் நின்றேன். பாடிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். ருக்குமணி தூரத்திலிருந்து தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றாள்.

"டாக்டர், அந்தப் படம் தப்பு," என்றேன். "காம்பஸ் நல்லாத்தான் இருக்குது. தப்பு என் கையில. இந்தக் காப்பப் போட்டுட்டே அளந்துட்டேன். திருப்பிப் பாக்கலாம்னு நீங்க சொன்னப்பவும் நான் கேக்கல."

மகன் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. சம்பந்தியம்மா மெதுவாக எழுந்து வந்தார். காம்பஸ் எங்கே என்று கேட்டார். டாக்டர் காரில் எப்போதும் வைத்திருப்பார், ஓடிப்போய் எடுத்துவந்தார். சம்பந்தியம்மா என் கையைக் கழுவச் செய்து, காம்பஸைக் கொடுத்து, கனி பாயை மண்டபத்தின் ஒவ்வொரு மூலையிலும் நிற்க வைத்துப் பார்க்கச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அவர் உரக்கத் திருப்பிச் சொன்னார். அடுக்களைப் பக்கம் நூற்றிருபது. வாசல் பக்கம் நூற்றிருபது. மணை நூற்றிருபது. பந்தி நூற்றிருபது.

அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தலைமையாசிரியைக் குரலில், "பாத்துக்கங்க எல்லாரும்," என்றார். "ஒரு மலையையே நேராக்கியிருக்குது. இதுதான் நம்ம காப்போட பவரு."

பதினேழு பெண்கள் மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள். அடுத்த பந்திக்கு முன்பே காப்பு தீர்ந்துவிட்டது. ருக்குமணி அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு சம்பந்தியம்மா என்னிடம் தனியாக வந்தார். சுரங்கத்துக்குள்ளேயே தனக்குச் சந்தேகம் வந்ததாகச் சொன்னார். சொன்னால் நான் கேட்க மாட்டேன் என்று விட்டுவிட்டாராம். தன் மேலும் தப்பு இருக்கிறது என்றார். இத்தனை வருஷத்தில் அந்த அம்மாளிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை கழட்டிக்கங்க சம்பந்தி. அளந்து முடிச்சதும் திரும்ப மாட்டிருவேன். ஆனா ஒண்ணாம் நாள்லருந்துதான்."

பிப்ரவரி 22, வியாழன் (காப்பு: நாள் 38)

டாக்டர் மேனேஜருக்குப் போன் செய்து, ஞாயிறு மறுபடி அளக்கிறோம், அதுவரை தகரத்தில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அன்று மத்தியானம் வரைக்கும்தான் பொறுப்பாராம்.

பிப்ரவரி 25, ஞாயிறு (காப்பு: நாள் 1)

கடப்பாரையோடு நான்கு ஆட்கள் கடை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மரகதம் அவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வேனை விட்டு இறங்கியதும் நேரே போய் விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. தப்பு என்னுடையது, அடுப்பை நீங்கள் உடைத்தது என்னால் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வளையலா சார்?" என்று மட்டும் கேட்டார்.

காப்பைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். "மூன்று மணி" தாள் அடுப்பு இருந்த பழைய இடத்துக்கு மேலே சுவரில் அப்படியே இருந்தது.

காப்பு இருந்த இடத்தில் மணிக்கட்டு வெளுத்துக் கிடந்தது. முதல் அளவு 120. அது மட்டும் அன்றைக்கும் சரிதான். இரண்டாவது 128. மூன்றாவது 139. சம்பந்தியம்மா ஒவ்வொன்றையும் சொல்லும்போது குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. ஒவ்வொரு அளவையும் எதிர்ப் பக்கமிருந்தும் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் பார்த்தேன். சுரங்கம் வலது பக்கமாக வளைந்து வளைந்து கடைசியில் 243இல் நின்றது. கனி பாய் இந்த முறை இடது தோளில் ஒரு தலையணை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். வௌவால் வந்தது. பயந்துதான் உட்கார்ந்தேன்.

இரண்டு நாற்பதுக்கு வெளியே வந்தோம். டீக்கடைப் பெஞ்சிலேயே படத்தைப் போட்டு எஸ்டேட் படத்தின் மேல் வைத்தோம். கோடு கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரைவட்டம் அடித்துக்கொண்டு அடுத்த மேட்டில் மேனேஜரின் பங்களாவுக்குக் கீழே போய் முடிந்தது. சாப்பாட்டு அறை என்றே சொல்லலாம்.

மேனேஜர் வந்து படத்தைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு, இதெல்லாம் கருங்கல் பாறை, நூறு வருஷத்துக்கு மேல் அசையாமல் நிற்கிறது, இதற்கெல்லாம் பயந்து யாராவது வீட்டைக் காலி செய்வார்களா என்று சிரித்தார். அதையே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும்படி டாக்டர் பேனாவை நீட்டினார். பல் பிடுங்கப் போகும்போது பேசுகிற அதே குரலில் வலிக்காது, ஒரே ஒரு கையெழுத்துதான் என்றார். நோட்டீஸ் ரத்து. கடப்பாரை ஆட்கள் இன்னொரு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

படத்தின் கீழே கையெழுத்துப் போட்டேன். அதற்கும் கீழே, "முந்தைய படம் தவறு. தவறு அளந்தவருடையது. நாச்சிமுத்து" என்று எழுதினேன். முப்பத்தோரு வருஷத்தில் நான் எழுதாத வாக்கியம். எழுதியதும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

அடுப்பைப் பழைய இடத்துக்கே மாற்ற நாங்கள் எல்லோரும் ஒரு நாள் வந்து உதவுவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றார் மரகதம். இரண்டடி தள்ளியதில் புகை இப்போது முகத்தில் அடிப்பதில்லையாம். எனக்குத் தட்டில் ஐந்து வடை வைத்தார். அன்றைக்கு ஐந்துதானே என்றார். ஆமாம், அன்றைக்கும் ஐந்துதான். சம்பந்தியம்மா காப்பை வாங்கி மறுபடி மாட்டிவிட்டார். இன்னும் நாற்பத்தேழு நாள் இருக்கிறது.

வீட்டு வாசலில் இறங்கும்போது மணி எட்டு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றே போன் செய்தேன். ஒரே மணியில் எடுத்தார்.

"மரகதம், நான் நாச்சிமுத்து. எல்லாரும் வீடு வந்து சேந்துட்டோம்."

"சரிங்க சார்," என்றார். "அப்ப நான் கடைய சாத்தறேன்."